ஊர் மாறினால் ஊதியம் மாற வேண்டுமா? கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வேலை செய்த அனுபவம்

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான் பணியாற்றிய மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்கள் அனைவரிடமும் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொன்னது. சென்னையில் குடியிருந்து வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வருபவர்களுக்குப் பழைய ஊதியம் அப்படியே தொடரும். வேறு ஊரிலிருந்து வேலை செய்ய விரும்புபவர்கள் அந்த ஊரின் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அது எந்த வகையில் வருகிறதோ, அதற்குரிய ஊதியம் அவர்களுக்குக் கிடைக்கும். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி போன்றவை இரண்டாம் வகை. எஞ்சிய ஊர்கள் எல்லாம் மூன்றாம் வகை, அவற்றுக்கு மொத்த ஊதியத்தில் 15 விழுக்காடு குறைப்பு.

2020 பொதுமுடக்கத்தின்போது ஊருக்கு வந்த நான், தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூருக்கு அருகிலுள்ள பெற்றோர் வீட்டிலிருந்தே ஒரு குழுவை வழிநடத்திக்கொண்டிருந்தேன். குழுவில் சென்னையில் இருப்பவர்கள், மதுரையில் இருப்பவர்கள், கோவில்பட்டியில் இருப்பவர்கள் என்று பலரும் உண்டு. அதனால் இந்தப் படிவம் என் ஒருவரின் ஊதியத்தோடு நிற்கவில்லை. யாருடைய வேலைக்கு நான் ஆண்டு மதிப்பீடு எழுதுகிறேனோ அவர்கள் எல்லோரும், 'ஒரே வேலைக்கு ஏன் இரண்டு விலை?' என்று என்னிடம்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையும், நிர்வாகத்தோடு பேசியதில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதையும், இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைக்கான விலை வேறு, ஒரு குறிப்பிட்ட ஊரில் இருக்கச் சொல்வதற்காகத் தரும் படி வேறு. இவ்விரண்டையும் ஒரே தொகையில் கலந்து வைத்துவிட்டு, ஊழியர் ஊர் மாறும்போது மொத்தத்திலும் கை வைப்பது நியாயமில்லை.

படிவத்தோடு வந்த கடிதம், வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப ஊதியம் சீரமைக்கப்படுவதாகக் கூறியது. இந்தக் காரணத்தை நான் முதலில் அப்படியே எடுத்துக்கொண்டு, என் செலவுக் கணக்கை வரிசையாக எழுதி அனுப்பினேன். சென்னையில் பெரும்பாக்கத்தில் கொடுத்த வாடகை இப்போது இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு இணைப்பு அறுந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பு வைத்திருந்தேன். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி தடைபடும் என்பதால் இன்வெர்ட்டரும், அதற்குப் பெரிய பேட்டரியும் வாங்கினேன். சற்றுப் பெரிய மருத்துவச் சிகிச்சை என்றாலும் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போக வேண்டும், அதற்கு வண்டிச் செலவு தனி. நிறுவனம் அழைக்கும்போதெல்லாம் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை சென்று தங்கி வரும் செலவும் என்னுடையதே. மடிக்கணினியும் கைபேசியும் காப்பீட்டுத் தவணையும் ஊர் பார்த்து விலை குறைவதில்லை. கூட்டிப் பார்த்தால், குறைந்த பெரிய செலவு வீட்டு வாடகை ஒன்றுதான்.

அந்த வாடகை குறைந்ததும், என் தந்தை தம் சேமிப்பில் வீடு கட்டி வைத்திருந்ததால்தான். இதை நிறுவனத்தின் கணக்கில் வரவு வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? சென்னையிலேயே மயிலாப்பூரில் சொந்த வீட்டில் இருப்பவரும் ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு இருப்பவரும் ஒரே பதவியில் ஒரே ஊதியம் பெறுகிறார்கள். சொந்த வீட்டுக்காரருக்குச் செலவு குறைவு என்று யாரும் அவர் ஊதியத்தைக் குறைப்பதில்லை. மணமானவர், மணமாகாதவர், பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்க வைப்பவர், அரசுப் பள்ளிக்கு அனுப்புபவர் என்று செலவில் நூறு வேறுபாடுகள் உண்டு. ஊதியம் அவற்றுள் எதையும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. குடியிருக்கும் ஊரை மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோதுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளப் பிரிவின் மூத்த அலுவலர் ஒருவர், கடிந்துகொள்ளாமல் நட்பாகவே, "சார், செலவுக் கணக்கை விடுங்க. உங்க ஊர்ல இந்த வேலைக்கு இந்தச் சம்பளத்தை வேற யார் தருவாங்க?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். ஊதியத்தைத் தீர்மானிப்பது ஊழியரின் செலவு அல்ல. அவர் விலகிப் போனால் அவருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும், அவருக்குப் பதிலாக ஒருவரை எந்த விலைக்கு அமர்த்தலாம் என்ற சந்தைக் கணக்குதான் அதைத் தீர்மானிக்கிறது. இந்த உண்மை தெரிந்த பிறகு நான் மளிகைச் செலவையும் பெட்ரோல் செலவையும் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரையும் இதுவே. குடும்பச் செலவைக் காட்டி ஊதியம் கேட்பது, எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளாத ஓர் அளவுகோலில் நம்மை நாமே நிறுத்திக்கொள்வதாகும். நம் வேலைக்கு வெளியே என்ன விலை இருக்கிறது என்பதைக் காட்டும்போது பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. கடையநல்லூரில் இந்த வேலைக்கு ஆள் தேடும் நிறுவனம் இல்லை என்பது சரி. ஆனால் கடையநல்லூரில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தேடும் நிறுவனங்கள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இருந்தன. வீட்டிலிருந்து வேலை என்றான பிறகு, என் சந்தை என் ஊரின் எல்லையோடு முடிந்துவிடவில்லை.

நிர்வாகத்துக்கு அனுப்பிய கடிதத்துக்காக, பெரிய நிறுவனங்கள் இதில் என்ன செய்கின்றன என்பதைத் திரட்டினேன். ஃபேஸ்புக் நிறுவனத்தின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க், ஊழியர்கள் 2021 ஜனவரிக்குள் தாம் எங்கிருந்து வேலை செய்கிறோம் என்று தெரிவிக்க வேண்டும் என்றும், அதற்கேற்ப ஊதியம் மாறும் என்றும் 2020 மே மாதத்திலேயே அறிவித்திருந்தார். இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவை தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், சியாட்டில் நகரங்களை விட்டுப் போக விரும்புபவர்களுக்கு ஒருமுறை 20,000 டாலர் கொடுத்து, அடிப்படை ஊதியத்தில் 10 விழுக்காடு வரை குறைக்கலாம் என்றது. கூகுள் 2021இல் ஊர் வாரியாக ஊதியத்தைக் காட்டும் ஒரு கணக்கீட்டுக் கருவியை ஊழியர்களுக்குத் தந்தது. நியூயார்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஸ்டாம்ஃபோர்டில் வசிப்பவர் வீட்டிலிருந்து வேலை செய்தால் 15 விழுக்காடு குறையும் என்றும், நியூயார்க்கிலேயே வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குக் குறையாது என்றும் அந்தக் கருவி காட்டியதாக அப்போது செய்தி வந்தது. இருவரும் அலுவலகத்துக்கு வருவதில்லை. இருவரும் செய்வது ஒரே வேலை. என் கடிதத்தில் நான் அதிக இடம் கொடுத்தது இந்த எடுத்துக்காட்டுக்குத்தான்.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. ரெடிட் என்ற சமூக ஊடக நிறுவனம் 2020 அக்டோபரில் அமெரிக்காவுக்குள் ஊர் வாரி ஊதியப் பிரிவுகளை நீக்கியது. 37சிக்னல்ஸ் என்ற சிறு நிறுவனம், ஊழியர் எங்கிருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ சந்தையை அளவாக வைத்து ஊதியம் தருவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. எங்கள் பேச்சு நடந்துகொண்டிருந்த 2022 ஏப்ரலில், ஒரே நாட்டுக்குள் எங்கு குடிபெயர்ந்தாலும் ஊதியம் மாறாது என்று ஏர்பிஎன்பி அறிவித்தது. ஊர் வாரி ஊதியத்தைக் கடைப்பிடிக்கும் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் கூட, அதற்கான கணக்கு முறையைத் தன் பொதுக் கையேட்டில் வெளிப்படையாக எழுதி வைத்திருந்தது. எங்கள் நிறுவனத்திடம் அத்தகைய கணக்கு எதுவும் இல்லை. அந்த 15 விழுக்காடு எப்படி வந்தது என்று எழுத்தில் கேட்டேன். எழுத்தில் பதில் வரவில்லை. குறைப்பை எதிர்கொள்ளும் எவரும் கணக்கு முறையைக் கேட்டு வாங்க வேண்டும். முறை இருந்தால் அதில் உள்ள பிழையைச் சுட்டலாம், இல்லை என்றால் அது இல்லாததையே வாதமாக வைக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான உண்மையைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. சென்னையின் மென்பொருள் தொழில் முழுவதும் ஊர் பார்த்துத் தரும் ஊதியத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது. 2000 ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதும், பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்ததும், கலிஃபோர்னியாவில் ஒருவருக்குக் கொடுக்கும் ஊதியத்தில் இங்கே பலரை அமர்த்தலாம் என்ற கணக்கால்தான். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் சான் ஹோசே அலுவலகத்தில் என் நிரல்களைச் சரிபார்த்தவர், என்னைப் போல் பல மடங்கு ஊதியம் பெற்றார். அதை எதிர்த்து நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. அப்படியிருக்க, சென்னைக்கும் தென்காசி மாவட்டத்துக்கும் இடையே 15 விழுக்காடு வேறுபாடு வரும்போது மட்டும் கொதிப்பது ஏன் என்று என் குழுவின் இளைஞர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் அதை நெடுநாள் யோசித்துச் சொன்ன பதில் இது. நாடுகளுக்கு இடையே நாணயம் வேறு, வரி வேறு, தொழிலாளர் சட்டம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் விரும்பினாலும் நாளைக் காலை சான் ஹோசேக்குக் குடிபோய் அங்குள்ள வேலைக்குப் போட்டியிட முடியாது, விசா என்ற சுவர் நடுவே நிற்கிறது. அந்த வேறுபாடு நியாயமானது என்று நான் சொல்லவில்லை, அதன் வேர் ஒரு நிறுவனத்தின் கையில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். கடையநல்லூருக்கும் சென்னைக்கும் இடையே அப்படி எந்தச் சுவரும் இல்லை. ஒரே நாணயம், ஒரே வருமான வரி, ஒரே பணி ஒப்பந்தம், ஒரே மதிப்பீட்டுப் படிவம். வாடிக்கையாளரிடம் என் ஒரு மணி நேர வேலைக்கு நிறுவனம் வாங்கும் தொகையும், நான் ஊர் மாறியதால் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. அங்கே குறையாதது இங்கே குறைகிறது என்றால், இடையிலுள்ள தொகை நிறுவனத்தின் லாபத்தில் சேர்கிறது. செலவு சீரமைப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

பிறகு நான் கையிலெடுத்த முன்மாதிரி வெளிநாட்டிலிருந்து வந்தது அல்ல. என் தாயார் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசுப் பணியில் ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் அடிப்படை ஊதியம் எந்த ஊரிலும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது வீட்டு வாடகைப் படி போன்ற சில படிகள் மட்டுமே. மத்திய அரசில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. மக்கள்தொகை 50 லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்கள் எக்ஸ், 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய், அதற்குக் கீழே இசட் என்று வகுத்து, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017இல் அடிப்படை ஊதியத்தில் முறையே 24, 16, 8 விழுக்காடு வீட்டு வாடகைப் படி என்று தொடங்கினார்கள். அகவிலைப்படி உயர உயர அது 27, 18, 9 ஆகி, 2024இல் 30, 20, 10 ஆனது. இதில் கவனிக்க வேண்டியது, படி பணியிடத்தைப் பொறுத்தது என்பது. ஊழியர் எங்கே உறங்கி எழுகிறார் என்பது அங்கே கேள்வி அல்ல, அரசு அவரை எங்கே வேலை செய்யச் சொல்கிறது என்பதே கேள்வி. ஒரு நிறுவனம் வாரம் மூன்று நாள் சென்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னால், அந்த நகரத்தின் வாடகைக்கும் போக்குவரத்துக்கும் ஒரு படி தரட்டும். வராதவருக்கு அந்தப் படி இல்லை என்றால் எனக்கு மறுப்பு இல்லை. அடிப்படை ஊதியத்தில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கையாக இருந்தது.

அடிப்படை ஊதியத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. மாதம்தோறும் கையில் வரும் தொகையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அதன் பின்னால் குறைபவை கண்ணில் படுவதில்லை. அடிப்படை ஊதியம் மாதம் 50,000 ரூபாயாக உள்ள ஒருவருக்கு, அது 15 விழுக்காடு குறைந்து 42,500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் முழு அடிப்படை ஊதியத்தின் மேல் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதி செலுத்துவதாக இருந்தால், அதன் பங்கு 6,000 ரூபாயிலிருந்து 5,100 ஆகிவிடும். 15,000 ரூபாய் என்ற சட்ட உச்சவரம்பின் மேல் மட்டும் செலுத்தும் நிறுவனத்தில் இந்த இழப்பு இராது, ஆகவே உங்கள் ஊதியச் சீட்டைப் பார்த்து எந்த முறை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பணியிலிருந்து விலகும்போது நிறுவனம் மொத்தமாகத் தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதைவிடப் பெரிய விஷயம். அது கடைசியாகப் பெற்ற ஊதியத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணி செய்த ஆண்டுகளால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. பத்தாண்டுகள் பணி செய்தவருக்கு 50,000 ரூபாய் அடிப்படையில் ஏறத்தாழ 2,88,000 ரூபாய் வரும். 42,500 ஆனபின் விலகினால் ஏறத்தாழ 2,45,000 ரூபாய்தான் வரும். சென்னையில் முழு ஊதியத்துக்கு உழைத்த ஆண்டுகளும் இந்தக் கணக்கில் குறைந்த விலைக்குப் போய்விடுகின்றன. இதை என் குழுவினருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, கையொப்பமிடத் தயாராக இருந்த பலர் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள்.

வரி விஷயமும் பார்க்க வேண்டியதே. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருப்பவர், வாடகை வீட்டிலிருந்து பெற்றோர் வீட்டுக்கு வந்து வாடகை எதுவும் கொடுக்காமல் இருந்தால், வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு முழுவதும் போய்விடும். 50,000 ரூபாய் அடிப்படை ஊதியமும் 25,000 ரூபாய் வீட்டு வாடகைப் படியும் பெற்று, 20,000 ரூபாய் வாடகை கொடுத்துவந்தவருக்கு, மாதம் 15,000 ரூபாய் வரியிலிருந்து விலகி நின்றது. ஊருக்கு வந்ததும் அது வரிக்குரிய வருமானத்தில் சேர்ந்துவிடும். வீடு பெற்றோர் பெயரில் இருந்து, ஒப்பந்தம் எழுதி, வங்கி வழியாக உண்மையிலேயே வாடகை கொடுத்தால் விலக்குக் கோரலாம். பெற்றோர் அதைத் தம் வருமானத்தில் காட்ட வேண்டும். புதிய வரிமுறையில் இந்த விலக்கே கிடையாது, எனவே அதில் இருப்பவர்களுக்கு மாற்றமும் இல்லை. நிறுவனம் 15 விழுக்காடு குறைக்கும் அதே மாதத்தில் வரியும் கூடினால், கைக்கு வரும் தொகை எதிர்பார்த்ததைவிட மிகவும் குறையும். கையொப்பமிடும் முன் இந்த இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது ஊழியரின் விருப்பம், விருப்பத்துக்கு விலை உண்டு என்பதுதான் நிர்வாகம் திரும்பத் திரும்ப வைத்த வாதம். என் குழுவில் மதுரையில் இருந்த பெண் ஒருவர், டயாலிசிஸ் சிகிச்சையில் இருந்த தாயைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ள மாமியார் கோவில்பட்டியில் இருந்தார். இவர்கள் இருவருக்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன, ஆனால் அவர்களால் ஒன்றில்தான் குறியிட முடியும். எங்கள் குழுவில் ஊதியக் குறைப்பு யார் தலையில் விழும் என்று எண்ணிப் பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் பெண்களாகவும், வயதான பெற்றோருக்கு ஒரே பிள்ளையாகவும் இருந்தார்கள். குறைப்பை எழுதியவர்கள் இதை நினைத்து எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் விளைவு அதுவாகத்தான் இருந்தது. நிர்வாகக் கூட்டத்தில் சந்தை வாதத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு அமைதியாக இருந்தவர்கள், இந்தப் பட்டியலைக் கேட்டபோதுதான் முதன்முறையாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

முடிவில் பாதி கிடைத்தது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் அடிப்படை ஊதியம் தொடப்படவில்லை. 'சிறப்புப் படி' என்ற தலைப்பில் இருந்த தொகையில் ஒரு பகுதி, சென்னை அலுவலகத்துக்கு வருபவர்களுக்கான நகரப் படியாக மாற்றப்பட்டது; என்னைப் போன்றவர்கள் அதை இழந்தோம். என் மொத்த ஊதியத்தில் குறைந்தது 15 அல்ல, ஏறத்தாழ 6 விழுக்காடு. சென்னைக்குத் திரும்பினால் அந்தப் படி எந்தத் தேதியிலிருந்து மீளும் என்பதையும், நிறுவனமே அழைத்து வரச் சொல்லும் நாட்களின் பயணச் செலவு யாருடையது என்பதையும் கடிதத்தில் எழுதி வாங்கினோம். இவ்விரண்டையும் வாய்வழி உறுதியாக விட்டிருந்தால் பின்னால் வருந்தியிருப்போம், ஏனென்றால் எங்களோடு பேசிய ஹெச்.ஆர். அலுவலர் அடுத்த ஆண்டே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல நிறுவனங்கள் கடைசி மூன்று மாத ஊதியச் சீட்டைக் கேட்கின்றன. அடிப்படை ஊதியம் குறையாமல் இருந்ததன் பயன் அங்கேயும் தெரிந்தது.

கிடைக்காத பாதி, புதிதாகச் சேர்பவர்களைப் பற்றியது. அவர்களுக்கு ஊர் வகைப்படியே ஊதியம் என்று நிர்வாகம் உறுதியாக நின்றது. அதன்படி திருநெல்வேலி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நல்ல திறமையுள்ள இளைஞர்கள் சிலரை, சென்னையில் சேர்ந்தவர்களைவிடக் குறைந்த ஊதியத்தில் எடுத்தோம். வேலையில் எந்த வேறுபாடும் இல்லை. சில மாதங்களிலேயே தங்களுக்குள் ஊதியத்தைப் பேசிக்கொண்டார்கள், பேசிக்கொள்வார்கள் என்பது எவருக்கும் தெரிந்ததே. ஓராண்டு முடியும் முன்பே அவர்களில் பாதிப் பேர், நாடு முழுவதற்கும் ஒரே ஊதியம் தரும் பெங்களூர் நிறுவனங்களுக்கு, வீட்டை விட்டு நகராமலேயே மாறிப் போனார்கள். 'உங்கள் ஊரில் வேறு யார் தருவார்கள்?' என்ற கேள்விக்கு விடை இப்படி வந்தது. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த மாதங்களும், மீண்டும் ஆள் தேடிய மாதங்களும், சேமித்ததாக நினைத்த தொகையைத் தாண்டிவிட்டன என்பதை அந்த ஆண்டின் குழு அறிக்கையில் எண்களோடு எழுதினேன்.

தென் மாவட்டங்களில் இந்த வேலைகள் நிலைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. இந்த ஊர்களுக்கு வேலை வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் வரும் வேலை, இன்னும் மலிவான ஊர் கிடைத்ததும் போய்விடும். ஆகவே ஊரில் இருந்து வேலை தேடும் இளைஞர்களிடம், நேர்காணலில் ஊரைக் கேட்டால் மறைக்க வேண்டாம், ஆனால் ஊதியப் பேச்சில் அதை அவர்களாக எடுக்க வேண்டாம், இந்தப் பதவிக்கு நிறுவனம் ஒதுக்கியுள்ள ஊதிய வரம்பு என்ன என்று மட்டும் கேட்கச் சொல்கிறேன். 'எந்த ஊர் என்பதைப் பொறுத்தது' என்று பதில் வந்தால், அடிப்படை ஊதியம் மாறுமா, படி மட்டும் மாறுமா என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் விலகாமல் இருப்பவர்களின் ஊதியம் இன்னும் சென்னைக்காரர்களுக்குச் சமமாகவில்லை. ஏப்ரல் ஊதியத் திருத்தத்துக்கான பரிந்துரையில், அவர்களின் அடிப்படை ஊதியத்தை இரண்டு தவணைகளில் சமமாக்க வேண்டும் என்று, விலகிப் போனவர்களுக்குப் பதிலாக ஆள் எடுத்த செலவையும் இணைத்து, மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.